உயரத் தூக்கும் கேம், தாழ இறங்கும் லிஃப்டர்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எல்எஸ் வகை வி8 என்ஜின் 1997-இல் கார்வெட் காரில் வந்தது. அமெரிக்காவில் தன் வண்டியைத் தானே பிரித்து வேகம் கூட்டுகிறவர்களுக்கு இன்றும் பிடித்த என்ஜின் அது. அதில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்டை மாற்ற ஒரு குறுக்குவழி உண்டு. வால்வை அமுக்கும் ராக்கர்களையும் அவற்றைத் தள்ளும் புஷ் ராடுகளையும் எடுத்துவிட்டுப் பழைய கேமைக் கையால் சில சுற்று சுற்றினால், கேமின் மேல் நின்று அதன் அசைவை புஷ் ராடுக்குக் கடத்தும் பதினாறு லிஃப்டர்களும் மேலே ஏறி, தங்களைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தட்டுகளின் பிடியில் அப்படியே நின்றுகொள்ளும். பிறகு பழைய கேமை முன்பக்கமாக உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டியதுதான். சிலிண்டர் ஹெட்டில் கை வைக்கவே வேண்டாம்.

லிஃப்டரை மாற்றுவதானால் இரண்டு ஹெட்டையும் கழற்றியாக வேண்டும். கேஸ்கெட், போல்ட் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அதனால் வண்டியோடு வந்த, அடியில் உருளை கொண்ட ரோலர் லிஃப்டரையே உள்ளே விட்டுவிட்டு, வால்வை இன்னும் உயரமாகத் திறக்கும் ஹை லிஃப்ட் கேமை அதோடு ஜோடி சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. அப்புறம் வருவது அந்தக் கேள்வி: கம்பெனி லிஃப்டர் எவ்வளவு உயரம் வரை தாங்கும்?

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்வது தவறு என்று நினைக்கிறேன். ஏறும் உயரம் லிஃப்டருக்குப் பெரிய சுமை இல்லை. அது எவ்வளவு தாழ இறங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்ற இரண்டும்தான் அதன் ஆயுளை முடிவு செய்கின்றன.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். இந்த என்ஜின்களில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேல் இருப்பதில்லை. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, பிளாக்குக்குள் படுத்திருக்கிறது. கேமின் முட்டை வடிவ மேடு லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராட் ராக்கரின் ஒரு முனையை உயர்த்துகிறது. ராக்கரின் மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் டேப்பெட் என்று சொல்வதும் இந்த லிஃப்டரைத்தான். ராக்கர் ஒரு நெம்புகோல் மாதிரி. எல்எஸ் வகையின் முதல் என்ஜினான எல்எஸ்1-இல் அதன் விகிதம் 1.7. லிஃப்டர் 1 மி.மீ. ஏறினால் வால்வு 1.7 மி.மீ. திறக்கும். வால்வு 0.600 அங்குலம், அதாவது சுமார் 15.2 மி.மீ. திறக்க வேண்டுமென்றால் கேமின் மேடு 9 மி.மீ. இருந்தால் போதும்.

பழைய லிஃப்டர்களின் அடி தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை அடியில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. கேமும் லிஃப்டரும் தொடும் புள்ளி எப்போதும் நடுவிலேயே நிற்காது; லிஃப்டர் ஏறும் வேகம் கூடக் கூட அது ஓரத்தை நோக்கி நகரும். கேம் ஒரு ரேடியன் (ஏறக்குறைய 57 டிகிரி) திரும்பினால் லிஃப்டர் எத்தனை மி.மீ. ஏறும் என்ற வீதம் எதுவோ, தொடுபுள்ளி மையத்தை விட்டுச் சரியாக அத்தனை மி.மீ. தள்ளியிருக்கும். செவர்லே லிஃப்டரின் விட்டம் 0.842 அங்குலம், அதன் ஆரம் ஏறக்குறைய 10.7 மி.மீ. ஆக, தட்டை லிஃப்டரின் வேகத்துக்கு அதன் அகலமே எல்லை. அதைத் தாண்டினால் கேமின் மேடு லிஃப்டரின் விளிம்பில் ஏறி அதைச் சுரண்டத் தொடங்கும். ஃபோர்டின் லிஃப்டர் 0.875 அங்குலம், கிறைஸ்லருடையது 0.904. அந்தக் காலத்தில் கிறைஸ்லர் என்ஜினுக்கு இன்னும் வேகமான கேம் வெட்ட முடிந்ததற்கு இந்தச் சின்ன வித்தியாசமே காரணம்.

அடியில் ஒரு உருளையை மாட்டியதும் இந்த எல்லை போய்விட்டது. ஃபோர்டு 1985 மஸ்டாங்கின் 5.0 என்ஜினிலும், செவர்லே 1987-இல் தன் ஸ்மால் பிளாக் வி8-இலும் ரோலர் லிஃப்டரைக் கொண்டுவந்தன. உராய்வு குறைந்தது. வால்வைச் சட்டென்று திறந்து, அதிக நேரம் திறந்தே வைத்து, சட்டென்று மூடும் கேம்களையும் வடிவமைக்க முடிந்தது. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. தட்டை லிஃப்டர் தன் குழிக்குள் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் சீராகத் தேயும். ரோலர் லிஃப்டர் கொஞ்சமும் சுழலக் கூடாது. உருளை திசை மாறிவிட்டால் அது உருளாமல் கேமின் மேல் இழுபடும். கடினமான உருக்கு அப்படி இழுபட்டால் கேமின் மேடு வெகு சீக்கிரம் அரைபட்டுப் போகும்.

இந்தச் சுழற்சியைத் தடுக்க லிஃப்டரின் மேற்பகுதியில் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அந்த ஃபோர்டு, செவர்லே என்ஜின்களில் நாய்க்குப் போடும் எலும்பு வடிவில் ஒரு இரும்புத் துண்டு இரண்டிரண்டு லிஃப்டர்களைக் கவ்விப் பிடித்திருக்கும். எட்டுக்கால் பூச்சி மாதிரி காலை விரித்த ஒரு தகட்டு ஸ்ப்ரிங் அந்தத் துண்டுகளை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருக்கும். எல்எஸ் என்ஜினில் இதே வேலையைப் பிளாஸ்டிக் தட்டு செய்கிறது, ஒரு தட்டுக்கு நான்கு லிஃப்டர்கள்.

சரி, ஹை லிஃப்ட் கேம் போட்டால் லிஃப்டர் ஏன் தாழ இறங்க வேண்டும்?

கேமை பிளாக்கின் முன்பக்கத்திலிருந்து பேரிங்குகளின் வழியாகத்தான் உள்ளே செருகுகிறோம். பேரிங்கில் உட்காரும் ஜர்னலைவிட மேட்டின் உச்சி வெளியே துருத்தினால் கேம் உள்ளே போகாது. எல்எஸ் கேமின் ஜர்னல் விட்டம் சுமார் 55 மி.மீ., அதாவது மையத்திலிருந்து 27.5 மி.மீ. மேட்டின் உச்சி அதைத் தாண்டக் கூடாது. மேடு 7.5 மி.மீ. என்றால், மேடு இல்லாத பக்கத்தின் ஆரம் அதிகபட்சம் 20 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தை அடிவட்டம் என்று சொல்லலாம். மேட்டை 9 மி.மீ. ஆக்கினால் அடிவட்டம் 18.5 மி.மீ.க்குள் அடங்கியாக வேண்டும். உச்சியை உயர்த்த இடம் இல்லாததால் அடியைக் குறைக்கிறார்கள். வால்வு மூடியிருக்கும் நேரம் முழுக்க லிஃப்டர் இந்த அடிவட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கேம் மாறியதும் அது முன்பைவிட ஒன்றரை மி.மீ. வரை தாழ உட்காருகிறது. மேலே அது எட்டும் உச்சமோ கிட்டத்தட்ட பழைய இடமேதான்.

ஒன்றரை மி.மீ. என்ன பெரிய தூரமா என்று தோன்றலாம். லிஃப்டரின் உள்ளே இருப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய தூரம் என்று தெரியும். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிளஞ்சர், அதன் கீழே ஆயில் நிரம்பிய ஒரு அறை, ஆயிலை உள்ளே மட்டும் விடும் ஒரு குட்டி வால்வு. அடிவட்டத்தில் இருக்கும்போது உள்ளிருக்கும் மெல்லிய ஸ்ப்ரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை நிரப்பும், அறைக்குள் ஆயில் வரும். மேடு வந்து தூக்கும்போது குட்டி வால்வு மூடிக்கொள்ள, அடைபட்ட ஆயில் இரும்பு மாதிரி நின்று சுமையைத் தாங்கும். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் டேப்பெட் செட்டிங் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது இந்த ஏற்பாடு இல்லாததால்; பின்னால் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) என்ஜின் புல்லட்டில் அந்த வேலையே இல்லாமல் போனது இந்த ஏற்பாட்டால்தான்.

பிளஞ்சர் சரியாக வேலை செய்ய, அது மேல் முனையில் முட்டி நிற்காமல் கொஞ்சம் உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். இதற்குப் பிரீலோட் என்று பெயர். எல்எஸ் கம்பெனி லிஃப்டருக்கு இது பொதுவாக 1 முதல் 2 மி.மீ. வரை. லிஃப்டர் ஒன்றரை மி.மீ. தாழ்ந்தால் இந்தப் பிரீலோட் முழுக்கவோ முக்கால்வாசியோ காணாமல் போகிறது. என்ஜின் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கும்போது லிஃப்டர் சரியில்லை என்று அதன் மேல் பழி விழுகிறது. எல்எஸ் ராக்கரில் திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது, போல்ட்டை முடுக்க வேண்டியதுதான். எனவே தீர்வு நீளமான புஷ் ராட் மட்டுமே. எல்எஸ்1-இல் வரும் புஷ் ராட் சுமார் 7.4 அங்குலம். நீளத்தை மாற்றி மாற்றி அளக்க உதவும் சோதனைப் புஷ் ராடை வைத்து, அந்த என்ஜினுக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடித்து வாங்க வேண்டும். ஹெட்டைச் சீவியிருந்தால், கேஸ்கெட் தடிமன் மாறியிருந்தால் இந்தக் கணக்கும் மாறும். கேம் கிட்டோடு வரும் புஷ் ராடை அளக்காமல் மாட்டுவதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய பிழை.

தாழ்வதால் வேறு இரண்டு விளைவுகளும் உண்டு. லிஃப்டரின் இடுப்பைச் சுற்றி ஆயில் வாங்கும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அது பிளாக்கிலிருக்கும் ஆயில் வழிக்கு நேராக இருக்க வேண்டும். மிகச் சிறிய அடிவட்டம் கொண்ட கேமில் அந்தப் பள்ளம் குழியின் அடி விளிம்பைத் தாண்டிவிட்டால் ஆயில் கிராங்க் பக்கம் கொட்டி அழுத்தம் விழும். இன்னொன்று, தாழ இருக்கும் லிஃப்டரின் சீவிய பகுதி எலும்புத் துண்டின் பிடியை விட்டு நழுவலாம். அடிவட்டத்தைக் குறைக்காமல் மேட்டை மிக உயர்த்திவிட்டால் மேல்பக்கம் அந்தத் துண்டையே தூக்கிவிடவும் கூடும். பழைய ஃபோர்டு, செவர்லே என்ஜின்களில் பெரிய கேமோடு, இரண்டு லிஃப்டர்களை ஒரு பட்டையால் பிணைத்து வரும் வகையை மாட்டுவது இதனால்தான். அதற்கு வேறு பிடி தேவையில்லை.

இனி வேகம். நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 54 முறை திறந்து மூடுகிறது. கிராங்க் 280 டிகிரி திரும்பும் நேரம் வால்வு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 15 மி.மீ. போய்த் திரும்பி வர அதற்குக் கிடைப்பது சுமார் 7 மில்லிநொடி. அந்தப் பயணத்தில் வால்வு படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சில நூறு மடங்கு. இந்த விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: 5,500-லிருந்து 6,500-க்குப் போனால் 40 சதவீதம் கூடுகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து உருளையைக் கேமோடு ஒட்டவைப்பது வால்வு ஸ்ப்ரிங் ஒன்றுதான். அது தளர்ந்தால் உருளை மேட்டைவிட்டுக் காற்றில் தாவி, திரும்ப வந்து மோதும். உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங் உடைவது அந்த மோதலில்தான். வால்வு தாவிய கணத்தில் உண்டாகும் இடைவெளியை ஹைட்ராலிக் பிளஞ்சர் நிரப்பிவிடுவதும் உண்டு. அப்போது வால்வு முழுதாக மூடாமல் பவர் சட்டென்று விழும்.

அப்படியானால் கடுமையான ஸ்ப்ரிங் போட்டால் ஆயிற்றே? அதற்கும் விலை உண்டு. ராக்கர் விகிதத்தால் ஸ்ப்ரிங்கின் விசை 1.7 மடங்காகி லிஃப்டர் மேல் இறங்குகிறது. முழுத் திறப்பில் ஸ்ப்ரிங் 180 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளினால் உருளையின் மேல் 300 கிலோவுக்கு மேல். பிளஞ்சரின் ஆயிலும் கசியத் தொடங்கும்.

எல்எஸ்7 என்ஜினை நான் மெச்சுவது இந்த இடத்தில். 2006 கார்வெட் இசட்06-இல் வந்த 7.0 லிட்டர் என்ஜின் அது, 505 குதிரைத்திறன். வால்வு 15 மி.மீ. திறக்கிறது, 7,000 சுற்று வரை போகிறது. உள்ளே இருப்பது கம்பெனி ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்தான். எப்படித் தாங்குகிறது? இன்டேக் வால்வு டைட்டானியம். எடை குறைவு என்பதால் ஸ்ப்ரிங் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டாம். ராக்கர் விகிதம் 1.8, அதனால் மேடு 8.3 மி.மீ. போதும், அடிவட்டத்தையும் அதிகம் குறைக்க வேண்டாம். அந்த லிஃப்டரைத் தனியே வாங்கி மற்ற எல்எஸ் என்ஜின்களில் மாட்டுகிறவர்கள் ஏராளம். ஆனால் அதைச் சுற்றியிருந்த இலேசான வால்வும் 1.8 ராக்கரும் கூடவே வருவதில்லை. கனமான உருக்கு வால்வு, 1.7 ராக்கர், இன்னும் செங்குத்தான மேடு என்று சேர்த்துவிட்டு அதே 7,000 சுற்றை எதிர்பார்ப்பது லிஃப்டருக்குச் செய்யும் அநியாயம். ஒரே லிஃப்ட் எண் கொண்ட இரண்டு கேம்களில்கூட ஒன்று மெதுவாக ஏறும், இன்னொன்று சரேலென்று ஏறி வால்வை இருக்கையில் அறைந்து மூடும். பட்டியலில் லிஃப்ட் மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

2005-க்குப் பிந்தைய பல ஜெனரல் மோட்டார்ஸ் வி8-களில் நான்கு சிலிண்டர்களை ஓய்வெடுக்க வைக்கும் தனி லிஃப்டர்கள் இருக்கும். உள்ளே பூட்டுப் பின் கொண்டவை அவை. பெரிய கேமோடு அவற்றை வைத்துக்கொள்ளவே கூடாது, சாதாரண லிஃப்டருக்கு மாற்றிவிட வேண்டும்.

மற்றபடி, குறைந்த தூரம் ஓடிய நல்ல கம்பெனி லிஃப்டர், கேம் தயாரிப்பாளர் சொன்ன ஸ்ப்ரிங், அளந்து வாங்கிய புஷ் ராட், 6,500 சுற்றுக்குள் ஓட்டம் என்றால் 0.600 அங்குலத்தை ஒட்டிய கேமோடு எல்எஸ் என்ஜின் நன்றாகவே ஓடும். முழுத் திறப்பில் ஸ்ப்ரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட இன்னும் 1.5 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக்கில் 2, எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. வேண்டும். களிமண் உருண்டையைப் பிஸ்டன் மேல் வைத்து என்ஜினைக் கையால் சுற்றி, பிறகு அதை வெட்டித் தடிமன் பார்க்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. அதற்கு மட்டும் ஹெட்டைக் கழற்றி மாட்டியாக வேண்டும்.

ஒரு லட்சம் மைல் ஓடிய வண்டியென்றால் அந்தக் குறுக்குவழியில் நான் போக மாட்டேன். அந்தப் பிளாஸ்டிக் தட்டு இத்தனை வருடம் சூட்டில் வெந்து, லிஃப்டரின் தட்டைப் பக்கம் உரசி உரசித் தளர்ந்திருக்கும். பழைய கேமின் மேல் அந்தத் தளர்வு தெரியாமலே இருந்திருக்கலாம். செங்குத்தான புது மேடும் கடுமையான ஸ்ப்ரிங்கும் வந்ததும் அதே தளர்வில் உருளை இரண்டு டிகிரி திரும்பினாலும் போதும், முதலில் தேய்வது புது கேம்தான். ஹெட்டைக் கழற்றி, லிஃப்டரோடு நான்கு தட்டுகளையும் மாற்றி, புது லிஃப்டர்களை ஆயிலில் நனைத்து மாட்டிவிட்டு, முதல் சில நூறு மைலில் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளுக்குள் ஊசித் துண்டோ மினுக்கும் இரும்புத் தூளோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன்.