எஃப்சிக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பிரேக் பைப்பைப் பாருங்கள்

தூத்துக்குடியில் என் பட்டறைக்கு வருவதில் பாதி மீன் லோடு ஓட்டும் பிக்கப் வண்டிகள்தான். போன வாரம் ஒரு தம்பி வந்தார். "அண்ணே, பிரேக் பெடல் கொஞ்சம் கீழ இறங்குது, பிரேக் ஆயில் மட்டும் ஊத்திக் குடுங்க, லோடு நிக்குது" என்றார். பதினோரு வருஷ வண்டி. விசாரித்தால், இரண்டு நாளைக்கு முன்னால்தான் வேறொரு இடத்தில் ஊற்றியிருக்கிறார். பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், ஆனால் அது மாதக்கணக்கில் நடப்பது. இரண்டு நாளில் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

அடியில் படுத்துப் பார்த்தேன். எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக, அடித்த கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் பைப்பைச் சேஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றியதும், உள்ளே ஈர மண்ணும் உப்பும் அடைந்து கிடந்தன. விரலால் தடவினால் பெயின்ட் தோல் மாதிரி உரிந்தது, கீழே இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. பெடலை மிதிக்கச் சொன்னேன், ஊசித் துளை வழியாக ஆயில் பீய்ச்சியடித்தது.

மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு. அந்தப் பைப்பின் சுவரோ 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். இப்போதைய வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் வழி இருப்பதால் ஒன்று உடைந்தாலும் மற்றது பிடிக்கும், சரி, ஆனால் லோடோடு போகிற வண்டி நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓட்டைப் பகுதியை மட்டும் வெட்டி ரப்பர் ஹோஸ் மாட்டிக் கிளிப் போடச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அழுத்தி மிதிக்கும்போது உள்ளே 100 பார் வரை அழுத்தம் ஏறும், அந்த ஒட்டு தாங்காது. ஏசிக்குப் போடும் சாதா செம்புக் குழாயும் வேண்டாம், வண்டி அதிர அதிர இறுகி வெடித்துவிடும். முனைக்கு முனை முழுப் பைப்பாக, ஸ்டீலிலோ செம்பு-நிக்கல் கலவையிலோ போடுங்கள். முனையை இரட்டை மடிப்பாக விரித்திருக்கிறார்களா என்று நின்று பாருங்கள், ஒற்றை மடிப்பு பிளந்துவிடும். துருப்பிடித்த நட்டைச் சாதா ஸ்பேனரில் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கி, பத்து நிமிஷ வேலை அரை நாளாகும். அதனால்தான் முதல் நாளே துருவை இளக்கும் ஆயில் விட்டு வைக்கச் சொல்கிறோம். அப்புறம் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்ற விடாதீர்கள். ஏர் எடுத்து, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, முடித்ததும் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பி லோடை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வரை கூடவே இருந்தார். முன்பக்கக் கிளிப்பையும் கழற்றிக் காட்டச் சொன்னார். அங்கேயும் செதில் விட ஆரம்பித்திருந்தது. அதையும் மாற்றினோம்.