இரண்டு குழாய்களின் நீளம்

பாளையங்கோட்டையில் நாற்பது வருஷமாக வண்டி பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், ஆர்எக்ஸ் 100 ஒன்று தெருமுனை திரும்புவதற்கு முன்பே "செயின் லூசாக் கெடக்கு" என்று சொல்லிவிடுவார். போன வாரம் அவருக்கு போனில் இரண்டு கார்களின் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டும் அமெரிக்காவில் விற்ற, ஜப்பான் கம்பெனியான சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ். முதலாவது 2002 மாடல். கண்ணை மூடிக் கேட்டவர், "வெடி ஒரே சீரா விழலயே தம்பி. ஆனா கோளாறு மாதிரியும் தெரியல" என்றார். அடுத்தது 2015 மாடல். "இது எந்த வண்டியா வேணும்னாலும் இருக்கலாம்லா" என்று ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார்.

சுபாருவின் பாக்ஸர் எஞ்சினில் பிஸ்டன்கள் படுத்த நிலையில் எதிரெதிராக ஓடும். வலப்பக்கம் இரண்டு சிலிண்டர், இடப்பக்கம் இரண்டு. வெடிப்பதோ சீரான இடைவெளியில்தான்: வலம், வலம், இடம், இடம். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ. பழைய வண்டியில் அது வலப்பக்கம் இருந்ததால், இடப்பக்கத்துப் புகை எஞ்சினுக்கு அடியில் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் வண்ணார்பேட்டை வழியாக நேரே போகின்றன. அடுத்த இரண்டும் மேலப்பாளையம் சுற்றி எட்டு நிமிடம் பிந்துகின்றன. பாளையில் நிற்பவருக்கு ஒரு தடவை பதினெட்டு நிமிடம் காத்திருப்பு. இன்னொரு தடவை இரண்டே நிமிடத்தில் அடுத்த பஸ். காதுக்குக் கேட்ட அந்தக் குடுகுடுப்பு இதுதான். 1995, 1996, 1997 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலக ராலி கார்ப் பந்தயத்தில் தயாரிப்பாளர் பட்டம் வென்ற இந்தக் கம்பெனியின் வண்டியை, கண்ணில் படும் முன்பே இந்தக் குரலை வைத்து அடையாளம் கண்டார்கள்.

ஆனால் டர்போவுக்கு இது நல்லதல்ல. பணகுடிப் பக்கத்துக் காற்றாலை போல, அதற்கும் விட்டுவிட்டு அடிக்கும் காற்றைவிடச் சீரான காற்றே உகந்தது. 2015 மாடலின் புதிய எஞ்சினில் டர்போவை முன்புறம் அடியில் இறக்கி, குழாய்களைச் சம நீளமாக்கி, அடுத்தடுத்து வெடிக்கும் சிலிண்டர்களின் புகை ஒன்றையொன்று இடிக்காமல் தனித்தனி வாயில் நுழையவிட்டார்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் இழுவை சீக்கிரம் கிடைத்தது. குரல் போயிற்று.

பொறியாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சரிசெய்தது உண்மையான குறையைத்தான். ஆர்எக்ஸ் 100-இன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் எரியாத பெட்ரோலைப் புகையோடு வெளியே தள்ளியது. 1996-இல் அது நின்றதில் நம் நுரையீரலுக்கு லாபமே. என் வருத்தம் வேறு. குரல் போன இடத்தில் வேறெதையும் சுபாரு வைக்கவில்லை. 2008-உடன் உலக ராலியை விட்டிருந்தது. 2022 மாடல் டபிள்யூஆர்எக்ஸ் 271 குதிரைத்திறனோடு வந்தது, முந்தையது 268. சக்கர வளைவுகளைச் சுற்றி எஸ்யூவிக்குப் போடுவதுபோலக் கறுப்பு பிளாஸ்டிக். பழைய எஞ்சினையும் குரலையும் 2021 வரை வைத்திருந்த, டபிள்யூஆர்எக்ஸின் வேகமான வகையான எஸ்டிஐக்கு அடுத்த பெட்ரோல் மாடல் கிடையாது என்று 2022 மார்ச்சில் அறிவித்தார்கள்.

இன்றைக்கும் சிலர் புதிய வண்டியின் சம நீளக் குழாய்களைக் கழற்றிவிட்டு, நீளம் மாறிய குழாய்களைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள். டர்போ கொஞ்சம் பிந்தித்தான் எழும் என்று தெரிந்தேதான்.