போஸ்டரில் ஊசியை வரையாதீர்கள்

எங்கள் போதை மீட்பு மையத்தின் வரவேற்பறையில் ஒரு போஸ்டர் இருந்தது. ஊசி, மண்டை ஓடு, கீழே சிவப்பில் 'போதை உயிரைக் குடிக்கும்'. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகிய 19 வயதுப் பையன் ஒருவன், விட்டு மூன்று வாரம் ஆன நிலையில், அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல்கள் முழங்கை மடிப்பைத் தடவ ஆரம்பித்தன. "அத எடுத்துடுங்க சார், பாத்தாலே ஒரு மாதிரி ஆகுது" என்றான். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

பழகியவனுக்கு அந்தப் படம் எச்சரிக்கை அல்ல, ஆசையைக் கிளப்பும் தூண்டுதல். ஆனாலும் சர்வதேச போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தாலே, ஒவ்வொரு வருடமும் பேனர்களில் ஊசியும் மண்டை ஓடும் வந்துவிடுகின்றன.

சரி, பழகாத பிள்ளைகள்? அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை, 9 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்காகக் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் ஒதுக்கி போதைக்கு எதிராக விளம்பரம் செய்தார்கள். ஆய்வு செய்து பார்த்தால், அதனால் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்கான ஆதாரமே இல்லை. அதிகம் பார்த்த சிலரிடம் 'தொடக் கூடாது' என்ற உறுதி தளர்ந்தும் இருந்தது. ஆய்வாளர்கள் யூகித்த காரணங்களில் ஒன்று: இத்தனை விளம்பரம் வருகிறதென்றால் எல்லோரும் இழுக்கிறார்கள் போல என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம். 'மாணவர்களிடையே போதை தலைவிரித்தாடுகிறது' என்று நாம் மேடையில் முழங்கும்போதும் அதுதான் அவர்கள் காதில் விழுகிறது. தொடாத பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம் என்பதை யாரும் சொல்வதில்லை.

போன வருடம் ஒரு பள்ளிக்காக போஸ்டர் தயாரித்தபோது வாசகத்தை மாணவர்களிடமே விட்டேன். "மச்சி, ஒரு தடவதான்டா" என்று நண்பன் நீட்டினால் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். 'உடல்நலம் கெடும்' என்று ஒருவனும் எழுதவில்லை. "நாளைக்கு மேட்ச் இருக்குடா, நீ போ" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் எழுதினான். அதையே அச்சடித்தோம். படத்தில் மைதானச் சுவரோரம் இரண்டு பையன்கள், ஒரு சைக்கிள், அவ்வளவுதான். சாவைப் பற்றி அவர்களுக்கு முன்பே தெரியும். நட்பு முறியாமல் மறுக்கத்தான் வார்த்தை தேவைப்படுகிறது.

அப்புறம் உதவி எண். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது. போதையிலிருந்து மீள உதவும் தேசிய எண்ணான 14446 என்பதைப் பெரிதாகப் போட்டு, பக்கத்திலேயே 'கட்டணம் கிடையாது' என்றும், பேசினால் அடுத்து என்ன நடக்கும் என்றும் எழுதுங்கள். என்னிடம் வரும் அம்மாக்கள் மகன் பெயரைச் சொல்வதற்கு முன்பே கேட்பது இதைத்தான்: "போலீசுக்குச் சொல்லிடுவீங்களா சார்?"