மூன்றாவது ஆளின் ஆல்புமின்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ஆல்புமின் 3.4. பக்கத்தில் நட்சத்திரக் குறி. நார்மல் 3.5 முதல் 5.0 வரையாம். அந்த 3.5-ஐ யார் சார் முடிவு செய்தது?"

ஆல்புமின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். ரத்தத்தின் நீர் நாளத்தைவிட்டுக் கசிந்துவிடாமல் பிடித்துவைக்கிறது. சரி, கேள்விக்கு வருவோம்.

நோயில்லாத 120 பேரை ஆல்புமின் அளவுப்படி வரிசையாக நிறுத்துங்கள், பள்ளி பிரேயரில் உயரப்படி நிற்பதுபோல. இந்த முனையிலிருந்து மூன்றாவது ஆளின் அளவு கீழ் எல்லை. அந்த முனையிலிருந்து மூன்றாவது ஆளுடையது மேல் எல்லை. இடையில் இருக்கும் 95 சதவீதம்தான் நார்மல். ஏன் 120? நாற்பதே பேர் என்றால் முதலில் நிற்பவரே எல்லையாகிவிடுவார். அவருக்கு வெளியே தெரியாத நோய் ஒன்று இருந்தால் ஊருக்கே கோடு மாறிப்போகும். 120 பேர் இருந்தால் கோட்டைப் போடுவதோடு, அது எவ்வளவு ஆடக்கூடும் என்றும் கணக்கிட்டுவிடலாம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

கோட்டுக்கு வெளியே நின்றவர்களும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனை செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றாவது வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு.

எல்லோரையும் ஒரேமாதிரி உட்காரவைத்து ரத்தம் எடுப்பதும் முக்கியம். படுத்திருந்தவர் எழுந்து நின்றால் ரத்தத்தின் நீர் கொஞ்சம் திசுக்களுக்குப் போய்விடும். பெரிய மூலக்கூறான ஆல்புமின் உள்ளேயே தங்கி, அளவு கூடிக் காட்டும். ஆல்புமினை அளக்க லேபில் சேர்க்கும் சாயமும் அப்படித்தான். புரோமோகிரெசால் பச்சை என்ற சாயம் மற்ற புரதங்களிலும் ஒட்டுவதால் புரோமோகிரெசால் ஊதாவைவிடக் கூடுதலாகக் காட்டும்.

வாழும் இடமும் முக்கியம். ஹீமோகுளோபினும் புரதம்தான். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வாழ்பவருக்கு அது இயல்பாகவே சற்றுக் கூடும். அவரைச் சேலத்துக்காரரின் கோட்டோடு ஒப்பிட்டால் ரத்தசோகை கண்ணில் படாமல் போகலாம். லேப் வாங்கும் பரிசோதனைக் கிட்டோடு வரும் தாளிலுள்ள எல்லையை உள்ளூர்க்காரர் 20 பேரிடமாவது சரிபார்க்கலாம். இருவருக்கு மேல் வெளியே விழாவிட்டால் ஏற்கலாம் என்பது வழக்கமான விதி. நம் மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனியே 120 பேரை அளக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அம்மாவின் பழைய ரிப்போர்ட்டையும், அதே லேபில் எடுத்ததாக இருந்தால் நல்லது, டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு 4.4 இருந்து இப்போது 3.4 என்றால் காரணம் தேட வேண்டும். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.