வெந்தய வரியன் கண்ணைக் கெடுக்காது, எருக்கம்பால் கெடுக்கும்

"பட்டாம்பூச்சி பிடிச்சான் டாக்டர், றெக்கைப் பொடி கண்ணுல விழுந்துடுச்சு." கண் சிவந்து, பார்வை மங்கிய பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளையின் விரலைப் பார்த்தால் எருக்கம்பால் காய்ந்து பிசுபிசுக்கிறது. இன்னும் எத்தனை முறை சொல்வது?

அந்தப் பொடி நஞ்சு இல்லை. பிள்ளைகள் பிடிக்கும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் ஆரஞ்சு நிறம், சிறகு நுனியின் கறுப்பு, அதிலுள்ள வெள்ளைப் புள்ளிகள் எல்லாமே ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய நுண்ணிய செதில்கள். விரலில் ஒட்டும் பொடி அதுதான். வண்டின் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற அதே கெட்டிப் பொருள்தான் இதிலும். கண்ணில் விழுந்தால் தூசிபோல உறுத்தும், கழுவினால் போய்விடும். பார்வை போகாது. பூச்சியின் உடலில் நஞ்சு இருப்பது உண்மை. புழுவாக இருந்தபோது எருக்கிலையைத் தின்று சேர்த்தது அது. பூச்சியைத் தின்னும் பறவைதான் வாந்தியெடுக்கும். புழுவின் முதுகிலுள்ள மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளும் வெறும் சதை, கொட்டாது. (கம்பளிப்புழு அப்படியில்லை. அதன் முடி கண்ணுக்குள் குத்தி ஏறிவிடும்.)

ஆபத்து, புழு உட்கார்ந்திருக்கும் இலையில் இருக்கிறது. வளர்ந்த புழுவே பெரும்பாலும் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுத்தான் இலையைத் தின்னும். பிள்ளைகள் புழுவோடு இலையையும் ஒடிக்கிறார்கள். பால் தெறிக்கிறது, அல்லது அதே விரலால் கண்ணைக் கசக்குகிறார்கள்.

பல நேரம் வலியே பெரிதாக இருக்காது. அதனால் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கருவிழி வீங்கி, எல்லாம் புகைமூட்டமாகத் தெரியும். கருவிழியின் உட்புறச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது.

பால் பட்டதும் இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். இரண்டு கை தண்ணீர் தெளிப்பது கழுவுவது ஆகாது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் விடக் கூடாது. மெடிக்கலில் நீங்களே ஸ்டீராய்டு சொட்டுமருந்து வாங்காதீர்கள். நாங்களும் அதைத் தருவோம்தான். ஆனால் கருவிழியில் புண் இருக்கிறதா, கண் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துத் தருவோம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். போனதும் 'எருக்கம்பால்' என்று சொல்லுங்கள். பொடி என்று சொன்னால் நேரம்தான் வீணாகும்.

தயவுசெய்து, பயந்துபோய் எருக்கை வெட்டிவிடாதீர்கள். வெந்தய வரியன் முட்டையிட அந்தச் செடி வேண்டும். புழுவைச் செடியிலேயே வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். செடியைத் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவும்வரை அந்தக் கை கண்பக்கம் போகக் கூடாது.