பிரதிஷ்டை: நிற்க வைப்பதா, எழுந்தருளச் செய்வதா?

விக்கிரகப் பிரதிஷ்டை, நவக்கிரகப் பிரதிஷ்டை, கொடிமரப் பிரதிஷ்டை என்று கோயில் அழைப்பிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். புனிதமாக்குவது என்று பொதுவாகப் பொருள் கொள்கிறோம். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் புனிதம் என்ற பொருளே கிடையாது.

வடமொழியில் 'ஸ்தா' என்றால் நில். ஸ்தானம், ஸ்தாபனம் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதான். 'பிரதி' என்ற முன்னொட்டு சேர்ந்தால் நிலைபெறுதல், நிலைபெறச் செய்தல். இந்தியில் இதே சொல் ஒருவருக்கு ஊரில் இருக்கும் மதிப்பையும் குறிக்கும். தமிழில் அந்தப் பொருள் ஒட்டவில்லை. சைவ சித்தாந்தத்தில் நிவிர்த்தி, பிரதிட்டை, வித்தை, சாந்தி, சாந்தியதீதை என்று ஐந்து கலைகள் வரும். அங்கே அது தத்துவச் சொல், கோயில் சடங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிற்க வைத்தல் என்ற நேர்ப்பொருள் வெறும் இலக்கணக் கணக்கு அல்ல. கருங்கல் சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் பார்த்தால் புரியும். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், நற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். எல்லாவற்றையும் சேர்த்து இடிப்பார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி இளகி, உருட்டினால் கயிறு போலத் திரளும். அதைச் சிலையடியில் சுற்றிச் சாத்தி அழுத்திவிட்டால் நாளடைவில் இறுகிவிடும். சிலை அசையாது. எண்மருந்து சாத்துதல் என்று அழகான தமிழ்ப்பெயரும் இதற்கு உண்டு.

அப்போ கும்பாபிஷேகம் வேறா? வேறுதான். 'சிச்' என்ற வேருக்கு ஊற்று, தெளி என்று பொருள். அபிஷேகம் என்றால் மேலே ஊற்றுவது. வேள்விச்சாலையில் மந்திரம் ஓதி இறையாற்றலைக் குடத்து நீரில் நிறுத்தி, அந்த நீரை விமானக் கலசத்திலும் மூலவர் மீதும் ஊற்றுவது கும்பாபிஷேகம். தமிழில் குடமுழுக்கு, திருக்குட நன்னீராட்டு. பிரதிஷ்டை ஆன கோயிலுக்கு வழக்கமாகப் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவார்கள். அதற்காகப் புதுச் சிலை வைக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரி 22 அன்று அயோத்தியில் நடந்ததைச் செய்திகளில் 'பிராணப் பிரதிஷ்டை' என்றார்கள். சிலைக்குள் உயிர்ப்பை நிலைநிறுத்துவது என்பது அதன் பொருள். அங்கேயும் நிறுத்துவதுதான் அடிப்படை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிறுவுதல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பொருள் பிழையில்லை. ஆனால் கம்பெனியையும் நிறுவுகிறோம், கைப்பேசியில் செயலியையும் நிறுவுகிறோம். சாமிக்கு அது போதாது என்று எனக்குப் படுகிறது.

பழைய இலக்கியத்துக்குப் போனால் வழி கிடைக்கிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீரில் இட்டு, அப்புறம்தான் நடுவது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயக் கல் கொண்டுவந்து, கங்கையில் நீராட்டிக் கோயில் எடுக்கிறான். காதைகளின் பெயர்களே இந்த வரிசையில்தான் போகின்றன. இன்றும் புதுச் சிலையை நீரில் கிடத்திவைக்கும் சடங்கு உண்டு, ஜலாதிவாசம் என்பார்கள். நீர்ப்படை என்ற சொல் அதற்கு அப்படியே பொருந்தும். (கால்கோள் மட்டும் இப்போது பந்தலுக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டது.)

அந்தக் கண்ணகி கோயிலில்தான் 'கடவுள் மங்கலம் செய்க' என்று மன்னன் ஏவுகிறான். பிரதிஷ்டைக்கு ஈடாக அகராதிகள் எடுத்து வைத்திருக்கும் சொல் இந்தக் கடவுள் மங்கலம். அருமையான சொல், ஆனால் விழாவின் பெயர். அதிலிருந்து ஒரு வினைச்சொல்லை எடுக்க முடியவில்லை.

வினைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைத்தான் பார்க்க வேண்டும். ராசராசனும் அவன் வீட்டாரும் கொடுத்த செப்புத் திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது 'எழுந்தருளுவித்த' என்ற சொல். நிறுத்தினான், வைத்தான் என்று இல்லை. எழுந்தருள்வது சாமியின் செயல். அரசன் அதற்கு வழி செய்தான், அவ்வளவுதான். பிரதிஷ்டையில் செய்கிறவன் மனிதன், சிலை செயப்படுபொருள். எழுந்தருளுவித்தலில் சாமிக்கும் ஒரு சம்மதம் இருக்கிறது. என் ஓட்டு இதற்கே.

இன்று எழுந்தருளல் என்றால் உற்சவர் வாகனத்தில் வருவதைத்தான் நினைக்கிறோம். அதனால் சிலை வைப்பதைச் சொல்லும்போது இடத்தையும் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது: 'தென்புறக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தியை எழுந்தருளுவித்தார்கள்.' அழைப்பிதழில் தலைப்பாகப் போட வேண்டுமா, 'கடவுள் மங்கல விழா' என்று போடலாம். தலைவர்களின் சிலைக்கு மட்டும் இந்தச் சொற்கள் வேண்டாம்; அதற்குச் 'சிலை திறப்பு' என்று ஏற்கெனவே இருக்கிறது. அங்கே திறப்பது துணியை. கோயிலில் சிற்பி பொன்னூசியால் திறப்பது கண்ணை.