வீடற்றோர் காப்பகம்: ஆவணம் இல்லாமலும் சேரலாம்

மேம்பாலத்தின் அடியிலும் கடை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் இரவைக் கழிப்பவர்களுக்காக நகராட்சிகளும் மாநகராட்சிகளும் நடத்தும் தங்குமிடம்தான் நகர்ப்புற வீடற்றோர் காப்பகம். அதில் சேர ஆதார் வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், சொந்த ஊர்ச் சான்றும் வேண்டாம். இதைத் தெரியாமலேயே பலர் ஆண்டுக்கணக்கில் தெருவில் கிடக்கிறார்கள். தெரிந்த அக்கம்பக்கத்தார் சிலரும், "கையில ஒரு காகிதமும் இல்லாதவரை யார் சேர்த்துக்குவாங்க?" என்று விட்டுவிடுகிறார்கள். காகிதம் இல்லாததால்தான் அவர் அங்கே போக வேண்டும். காப்பகத்தில் இருந்துகொண்டே அவற்றை வாங்க முடியும்.

இந்தக் காப்பகங்கள் உரிமை வழக்கிலிருந்து வந்தவை. உணவு உரிமைக்காக 2001-ல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், டெல்லிக் குளிரில் தெருவாசிகள் இறந்ததை ஒட்டி, 2010-ல் உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. குளிர்காலத்தோடு மூடிவிடாமல் 365 நாளும் 24 மணி நேரமும் அது திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம், ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் வரை என்பது அதன் கணக்கு. உங்கள் ஊரில் 5 லட்சம் பேர் என்றால் 500 பேருக்கு இடம் இருக்க வேண்டும். இருப்பதை எண்ணிப் பார்த்தால் பாக்கி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

யார் வீடற்றவர்? சுவரும் கூரையுமுள்ள வீடு என்று எதிலும் வசிக்காதவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாலையோரம், நடைபாதை, பாலத்தடி, மாடிப்படியின் கீழ், ரயில் நிலையம், கோயில் மண்டபம், கிடத்தி வைத்த பெரிய சிமென்ட் குழாய் எல்லாவற்றையும் இதில் சேர்க்கிறது. வேலை இருக்கிறதா இல்லையா என்பது இதில் வரவே வராது. மூட்டை தூக்குபவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், குப்பை பொறுக்குபவர் என உழைத்துப் பிழைப்பவர்கள் பலர் இரவில் தெருவில்தான் படுக்கிறார்கள்.

உள்ளே என்னென்ன இருக்க வேண்டும்

ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. அதாவது 50 பேர் தங்கும் காப்பகம் என்றால் 2,500 சதுர அடி. காற்றோட்டம், குடிநீர், குளியலறை, கழிப்பறை, விளக்கு, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, துவைத்த பாய் படுக்கை போர்வை, சமையலுக்கு இடம், கொசுவுக்கு ஏற்பாடு ஆகியவை திட்ட வழிகாட்டியிலேயே எழுதப்பட்டவை. எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக மூன்று காப்பாளர்கள் மாறி மாறி இருக்க வேண்டும். பெரும்பாலும் மாநகராட்சி கட்டடத்தைக் கொடுக்க, தொண்டு நிறுவனம் நடத்துகிறது.

ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பத்துக்கு, முதியோருக்கு, மனநலம் பாதித்தோருக்கு என்று காப்பகங்கள் தனித்தனி. சென்னையில் சில அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்தவர்கள் தங்கவும் காப்பகம் உண்டு. வெளியூரிலிருந்து வந்து வராந்தாவில் துண்டு விரித்துப் படுப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

எப்படிச் சேர்ப்பது

முதலில் அவரிடம் பேசுங்கள். தூங்குபவரைத் தட்டி எழுப்பி "காப்பகத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள். "ஐயா, சாப்பிட்டாச்சா?" "அம்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்று தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். பலருக்குப் பிச்சைக்காரர் இல்லத்தைப் பற்றிய பயம் இருக்கும். தமிழ்நாடு பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1945-லிருந்தே இருக்கிறது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன அனுபவம் தெருவில் வாய்வழியாகப் பரவியிருக்கிறது. காப்பகம் அது இல்லை. விரும்பி வரலாம், விரும்பினால் போகலாம், காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பலாம். இதை நேராகச் சொல்லிவிடுங்கள். வற்புறுத்தி ஏற்றினால் மறுநாளே பழைய இடத்துக்குப் போய்விடுவார், அடுத்த முறை வருபவரையும் நம்ப மாட்டார்.

சென்னை என்றால் மாநகராட்சியின் உதவி எண் 1913-ஐக் கூப்பிடுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகத்தில் "வீடற்றோர் காப்பகம் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள்?" என்று கேளுங்கள். தகவல் சொல்லும்போது ஆளின் இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள்: எந்தச் சாலை, எந்தக் கடைக்கு எதிரே, எத்தனை மணிக்கு அங்கே இருப்பார். பகலில் வண்டி வந்து ஆளைக் காணாமல் திரும்பிப் போவது அடிக்கடி நடக்கிறது. ஆணா பெண்ணா, தோராயமான வயது, கூடக் குழந்தை இருக்கிறதா, நடக்க முடியுமா, காயம் உண்டா என்பதையும் சொன்னால்தான் எந்தக் காப்பகம் என்று முடிவாகும். பெண்ணை ஆண்கள் காப்பகத்துக்கு அழைத்துப் போய் வாசலிலேயே திரும்புவதுபோல் அலைச்சல் வேறில்லை.

போனதும் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அவர் சொல்வதே போதும். ஊர் பெயரைச் சொல்ல மறுத்தாலும் பதிவு செய்யலாம்.

எங்கே கெட்டுப்போகிறது? மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று தூரம். விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தையில் லோடு இறக்கப் போக வேண்டியவருக்கு எட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் காப்பகம் இருந்தால் கூலி போய்விடும். அவர் சந்தையை விட்டு வராததற்குப் பிடிவாதம் காரணமில்லை, வயிறு. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் காப்பகம் கேட்டு மனு கொடுப்பதுதான் அவருக்கு உண்மையான உதவி. இரண்டு, பொருள். சாக்குமூட்டை, மூன்று சக்கர வண்டி, அடுப்பு, சில சமயம் ஒரு நாய். நமக்குக் குப்பையாகத் தெரியும் மூட்டைக்குள் துணியில் சுற்றிய பழைய புகைப்படமோ மருந்துச் சீட்டோ இருக்கும். மூட்டையைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்று காப்பகத்தில் முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள். மூன்று, குடும்பம். கணவனை ஒரு காப்பகத்துக்கும் மனைவியை இன்னொன்றுக்கும் பிரித்தால் இருவரும் மறுபடி தெருவுக்கே வந்துவிடுவார்கள். குடும்பக் காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும்.

காப்பகத்துக்கு முன் வேறு கதவைத் தட்ட வேண்டியவர்கள்

உடம்பு முடியாமல் கிடப்பவருக்கு முதலில் 108. புண்ணில் புழு வைத்தவரையோ காய்ச்சலில் நடுங்குபவரையோ காப்பகம் சேர்த்துக்கொள்ளாது. அது சரிதான், அங்கே மருத்துவர் இல்லை. 18 வயதுக்குக் கீழே தனியாக இருக்கும் குழந்தை என்றால் 1098. அந்தக் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். வீட்டில் அடிபட்டு வெளியேறிய பெண்ணுக்கு 181. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடமும் சட்ட உதவியும் கிடைக்கும். பிள்ளைகள் கைவிட்ட முதியவருக்கு 14567.

மனநலம் பாதித்துத் திரிபவர் விஷயத்தில் காவல்துறைக்குத் தெளிவான கடமை இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100: தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவரை நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். "இது எங்க வேலை இல்ல" என்று சொன்னால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். வீடற்றவருக்கு அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. வறுமைக்கோட்டு அட்டை கேட்க முடியாது. இப்படிப்பட்டவர்களைப் பல நாள் தங்கவைத்துத் தேற்றும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இயங்குகின்றன.

காகிதங்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆதார் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவருக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் புகைப்படம் ஒட்டிச் சான்று கொடுக்கலாம். அந்தச் சான்று மூன்று மாதம்தான் செல்லும். புதிய பதிவுக்குக் கட்டணம் இல்லை.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. எப்போதோ ஒரு முறை ஆதார் எடுத்துத் தொலைத்தவரைப் புதிதாகப் பதிவு செய்தால், சில வாரம் காத்திருந்த பிறகு "ஏற்கெனவே இருக்கிறது" என்று நிராகரிப்பு வரும். அதனால், "முன்னாடி எப்பவாவது கண்ணையும் கைரேகையையும் எடுத்தாங்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். ஆம் என்றால் புதுப் பதிவு வேண்டாம். ஆதார் மையத்தில் கைரேகையை வைத்துப் பழைய எண்ணைத் தேடித் தரச் சொல்லுங்கள். கல் உடைத்து, சிமென்ட் கலந்து ரேகை தேய்ந்தவருக்குக் கருவிழியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசி எண் இன்னொரு கண்ணி. தெருவில் போன் திருடுபோகும், சிம் மாறும், ஓ.டி.பி. யாருக்கோ போகும். எண்ணையும் அங்கேயே புதுப்பித்துவிடுங்கள்.

ஆதார் கைக்கு வந்ததும் ஜன்தன் வங்கிக் கணக்கு. பிறகு, 60 வயதான ஆதரவற்றவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் ஆணை போடுவார். விசாரிக்க வரும் நாளில் ஆள் கூலிக்குப் போயிருந்தால் "முகவரியில் இல்லை" என்று எழுதிப் போய்விடுவார்கள். விண்ணப்பத்தில் காப்பகப் பொறுப்பாளரின் எண்ணைக் கொடுத்து, வருவதற்கு முன் தகவல் சொல்லக் கேளுங்கள்.

இடம் இல்லை, பூட்டிக் கிடக்கிறது, ஆவணம் கேட்டு விரட்டினார்கள் என்றால் நகராட்சி ஆணையருக்குத் தேதியும் நேரமும் போட்டு எழுத்தில் கொடுங்கள். முதல்வர் உதவி மையத்தின் எண் 1100. எத்தனை காப்பகம், எத்தனை இடம், எத்தனை பேர் தங்குகிறார்கள், எவ்வளவு செலவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். மத்திய திட்டமான வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரில் முடிந்ததால், "நிதி எங்கிருந்து வருகிறது?" என்பதையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள்.

காப்பகத்துக்கு வரவே விரும்பாதவருக்கும் ஓட்டுரிமை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் முகவரி என்ற இடத்தில் அவர் படுக்கும் இடத்தை எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து அவர் உண்மையிலேயே அங்கு தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், ஒரு இரவு போதாது, ஒன்றுக்கு மேல் வர வேண்டும். பார்த்து உறுதி செய்துவிட்டால் வசிப்பிடச் சான்று எதுவும் தேவையில்லை. அதனால் பகலில் நிற்கும் இடத்தை எழுதாமல் படுக்கும் இடத்தை எழுதுங்கள்: எந்தப் பாலம், எத்தனையாவது தூண், எந்தக் கடையின் படி. மழை நாளில் வேறு இடத்துக்கு ஒதுங்குவார் என்றால் அதையும் அலுவலரிடம் சொல்லிவையுங்கள்.